சிவந்தி ஏன் கையை எடுத்தாள்

என் மருமகள் சிவந்தி, தன் சின்ன மாமியார் சாகக் கிடந்தபோது பொத்தானை அமுக்காமல் கையை எடுத்துக்கொண்டாள் என்று காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரைக்கும் ஒரு பேச்சு ஓடுகிறது. ஆயுத பூஜை அன்று கிடங்கில் எவனோ செல்போனில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வந்த பேச்சு அது. படத்தில், ஆள் மாதிரி கை கால் வைத்த மிஷின் ஒன்று பெட்டியைப் பிடித்தபடி குனிந்து நிற்கும். அதன் அடியில் என் தங்கை கெங்கம்மா மாட்டிக்கொண்டிருப்பாள். சிவந்தி ஓடி வந்து மிஷினின் முதுகில் இருக்கும் சிவப்புப் பொத்தான் மேல் கை வைப்பாள். எல்லாரும் அமுக்கு, அமுக்கு என்று கத்துவார்கள். அவள் அமுக்க மாட்டாள். கையை எடுத்துவிடுவாள். படம் அங்கேயே முடிந்துவிடும்.

கிழவி போனால் போகட்டும், கம்பெனி மிஷின் கெட்டுவிடக் கூடாது என்று எடுத்தாளாம். மீன் மார்க்கெட்டில் என் காதுபடவே சொன்னார்கள். நான் அன்றைக்கு அங்கே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நின்றேன். படத்துக்கு முன்னால் நடந்ததும் தெரியும், பின்னால் நடந்ததும் தெரியும். எனக்கு எழுதத் தெரியாது. சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். அவளுடைய சொல்லை நடுவில் நுழைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சிவந்தியின் அப்பா விசைப்படகுகளுக்கு இன்ஜின் பார்த்தவர். சின்ன வயதிலிருந்தே அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்துப் பழகியவள் அவள். என் மகன் எத்திராஜ் படகு வேலைக்குப் போன இடத்தில் அவளைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தான். வந்த புதிதில் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள். நான் வெங்காயம் நறுக்கினால் என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னாடி, என் கைல இன்னா கீதுன்னு அப்டி பாக்கறே?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஒண்ணுமில்ல அத்தை. கட்டவெரலு எப்டி மடங்குதுன்னு பாத்தேன்."

பைத்தியமோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவள் திருவொற்றியூரில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். சங்கரநாராயணன் என்பவருடைய பட்டறை. பொருட்காட்சிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அசைகிற பொம்மைகள் செய்வார்கள். வாயைப் பிளந்து உறுமும் டைனோசர், பேய் வீட்டில் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் பேய், மண்டப வாசலில் கும்பிட்டுப் பன்னீர் தெளிக்கும் பட்டுப்புடவைக்காரி. சிவந்தி பஞ்சு ஒட்டுகிற வேலைக்குத்தான் போனாள். கொஞ்ச காலத்தில் பொம்மையின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டது. காரில் கண்ணாடி துடைக்கிற வைப்பர் மோட்டார்தான் அதற்குத் தோள்பட்டை. காற்றடிக்கிற சிலிண்டர்தான் கழுத்து.

அந்தப் பன்னீர்க்காரியை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கிற பெண் தோற்றாள். ஆனால் கல்யாணம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் அவள் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாருமே இல்லாத வாசலுக்குப் பன்னீர் தெளித்தாள். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"இவ கண்ண தொறந்து பாக்கறாளே, ஆளு இல்லன்னு தெரியலியா?" என்றேன்.

"அது கண்ணு இல்ல அத்தை, கோலி. நம்ம எழுதி வெச்சத செய்வா. எப்ப தல ஆட்டணும், எப்ப கை தூக்கணும்னு எல்லாம் மொதல்லயே எழுதி வெச்சாச்சு. எதிர்ல ராஜா வந்தாலும் அதான், நாய் வந்தாலும் அதான்."

அந்தப் பொம்மைகளின் காலைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். கை எவ்வளவு தூரம் வீசுமோ அதற்கு வெளியே ஒரு கயிறு கட்டுவார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றால் பயமில்லை. ஒரு பொருட்காட்சியில் ஒரு பெண் கயிற்றைத் தாண்டிப் போய்ப் படம் எடுக்கப் பார்த்தாள். டைனோசரின் தாடையில் துப்பட்டா சுற்றிக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் டைனோசரைப் பிடித்து இழுத்தார்கள். சிவந்தி அதன் பக்கமே போகவில்லை. சுவரோரம் போய்க் கரண்டைப் பிடுங்கினாள். பிளந்த வாய் பிளந்தபடி நின்றது. அந்தப் பெண் கழுத்தைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எதற்கும் அதே பேச்சுத்தான். மிக்ஸி சத்தம் மாறினால், மின்விசிறி ஆடினால், "மொதல்ல கரண்ட நிறுத்து, அப்பால பேசு" என்பாள். இது அவள் எலும்பில் ஊறிய பழக்கம். நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

சங்கரநாராயணன் பட்டறையை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொண்டுபோய்விட்டார். அவ்வளவு தூரம் தினம் போய் வர முடியாது என்று சிவந்தி நின்றுகொண்டாள். அப்போதுதான் எண்ணூர் தாண்டி, காட்டுப்பள்ளி போகிற ரோட்டில் ஒரு கிடங்கில் ஆள் எடுத்தார்கள். கப்பலுக்கு வேண்டிய உதிரிச் சாமான் அடுக்கி வைக்கிற இடம். அங்கே மனுஷன் மாதிரி நடந்து பெட்டி தூக்குகிற ஒரு மிஷினை இறக்கியிருந்தார்கள். இரும்புப் பெட்டி தூக்கித் தூக்கி அதன் விரலில் இருக்கும் ரப்பர் தேய்ந்துபோகும். மாற்றிப் போட விரல் வேலை தெரிந்த ஆள் வேண்டும். வியாசர்பாடிப் பையன் ரஞ்சித், இன்ஜினியர், அவன்தான் அங்கே பொறுப்பு. சிவந்தி செய்த பொம்மைக் கைகளைப் பார்த்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டான். கை வேலை அவளுக்கு, தலையும் உடம்பும் அவனுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். முதல் நாளே, "கண்ண மட்டும் தொடாதீங்கக்கா" என்று சொன்னானாம். அவளும் சரி என்றாளாம்.

அந்த வேலைக்குப் போன முதல் வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"இன்னா பேஜாரு உனுக்கு?" என்றேன்.

"அத்தை, அது ஒரே மாதிரி ரெண்டு தபா தூக்கறதில்ல. பொட்டி கோணலா கீதுன்னா கையும் கோணலா போவுது. வழில ஆளு நின்னா நின்னுடுது, இல்லன்னா சுத்திகினு போவுது. யாரும் எழுதி வெக்கல. அதுவா பாத்து அதுவா செய்யுது."

"அப்ப யாரு ஓட்றது?"

"அதான் நானும் ரஞ்சித்த கேட்டேன். இன்னா வேலைன்னு மட்டும் சொல்வாங்களாம். எப்டி செய்யணும்னு அதுவே பாத்துக்குமாம்."

எத்திராஜ் சிரித்தான். "நல்ல வேலைக்காரன்தான். நம்ம படகுக்கு ஒண்ணு இட்டுகினு வா." அவள் சிரிக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு யாரும் எந்தச் சாமானையும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அன்று ஒருநாள் ஓய்வு. கிடங்கில் எல்லார் வீட்டு மனிதர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். நானும் எத்திராஜும் போனோம். என் தங்கை கெங்கம்மாவும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அவள் காசிமேட்டில் மீன் விற்கிறவள். முழங்கால் வலி உள்ளவள், ஆனால் எங்கே பொரி கடலை கொடுத்தாலும் அங்கே இருப்பாள்.

கிடங்கில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. மற்ற நாளில் மிஷின் வேலை செய்யும்போது அந்தக் கோட்டைத் தாண்டி யாரும் போகக் கூடாதாம். அன்றைக்கு அந்தக் கோட்டின் மேலேயே பெண்கள் பெரிய கோலம் போட்டுவிட்டார்கள். கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. மிஷின் தன் இடத்தில் அசையாமல் நின்றது. லோடு ஏற்றுகிற கோதண்டம் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார், வேலை இல்லாதபோதும் உட்காராமல் நின்றுகொண்டே இருப்பதால்.

"மேஸ்திரிக்கு இன்னிக்கு லீவு" என்றார் கோதண்டம். எல்லாரும் சிரித்தார்கள்.

சிவந்தி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். ஸ்டூல் போட்டு ஏறினாள். மேஸ்திரியின் முகத்தில் கண் இருக்கிற இடத்தில் நீலமாக இரண்டு விளக்கு எரிந்தது. அதில் ஒரு பொட்டுக்கூடப் படாமல், ரஞ்சித் சொன்னது ஞாபகம் வைத்து, அவ்வளவு பதனமாக நெற்றியில் சந்தனத்தை அழுத்தி வைத்தாள். பட்டறையில் வருஷா வருஷம் டைனோசர் நெற்றியில் வைத்த அதே கை. நடுவில் குங்குமம். நெற்றியில் கருப்பாக ஒரு கண்ணாடிப் பட்டை ஓடியது. அழகுக்கு வைத்தது என்று நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள். கோதண்டம் பெரிய சாமந்தி மாலையைக் கொண்டுவந்து மார்பு மறையப் போட்டார்.

ரஞ்சித் அப்போது கடைசியில் இருக்கும் கண்ணாடி அறைக்குள் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அன்றைக்கு எந்த வேலையும் அனுப்பப் போவதில்லை என்று அவனிடம் சொல்லியிருந்தார்களாம். அதனால் அவன் மிஷினை முழுக்க அணைக்கவில்லை. சும்மா நிறுத்தி வைத்திருந்தான்.

பூஜை முடிந்தது. கெங்கம்மா பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் நிற்க முடியாமல், அலமாரி வரிசைக்கு நடுவே இருந்த சந்துக்குள் போய், கடைசிச் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக் குந்திக்கொண்டாள். ஒரு பக்கம் இரும்பு அலமாரி, மறுபக்கமும் இரும்பு அலமாரி.

அப்போது மேஸ்திரி தலையைத் திருப்பியது.

துறைமுகத்தில் ஏதோ கப்பலுக்கு ஒரு சாமான் அவசரமாக வேண்டியிருந்ததாம். பட்டணத்தில் எங்கோ உட்கார்ந்திருந்த ஒருவர், இங்கே பூஜை என்று தெரியாமல், வேலையை அனுப்பிவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் நாங்கள் நினைத்தது, ரஞ்சித் எங்களுக்கு வேடிக்கை காட்டுகிறான் என்று. மாலையோடு அது நடந்து வந்ததைப் பார்த்துக் கை தட்டினார்கள். செல்போன்கள் மேலே போயின. நானும் தட்டினேன்.

கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அது சந்துக்குள் போனது. கெங்கம்மா வாயில் பொரியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"எக்கா, எனக்கு எதுனா குடுக்க வருது பாரு. ஏன் நைனா, வடை கீதா?"

சிவந்தியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். தரையில் ஒரு பொரிப் பொட்டலம் விழுந்து கிடந்தது. மேஸ்திரி அதன் மேல் காலை வைத்தது, வழுக்கியது, காலை எடுத்து வேறு இடம் பார்த்து வைத்தது. அதைப் பார்த்ததும் சிவந்தியின் முகம் மாறியது. வேடிக்கை காட்டுகிற பொம்மை அப்படிச் செய்யாது. அது காலை வைத்த இடத்திலேயே வைக்கும்.

"அத்தை, அது வேலை செய்யுது" என்றாள். என் தோளைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

வேண்டிய சாமான் அலமாரியில் உள்பக்கம் இருந்தது. முன்னால் வேறொரு பெட்டி. அந்த முன் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தால்தான் உள்ளே இருப்பதை எடுக்க முடியும். மேஸ்திரி முன் பெட்டியை எடுத்தது. பக்கத்தில் திரும்பியது. தரையில் இறக்க ஆரம்பித்தது. அந்தத் தரையில் கெங்கம்மாவின் கால் இருந்தது.

அவள் முதலில் கத்தவில்லை. "தே, தே, ஆளு கீறேன்" என்றாள், மாட்டை ஓட்டுகிற மாதிரி. பெட்டி அவள் முழங்கால் மேல் உட்கார்ந்தது. அப்புறம்தான் கத்தினாள்.

பெட்டி சமமாக உட்காரவில்லை என்று அதற்குத் தெரிந்தது. தூக்கியது. எனக்கு மூச்சு வந்தது. இப்போது விட்டுவிடும் என்று நினைத்தேன். அது கொஞ்சம் சாய்த்து, வேறு பக்கமாக மறுபடி இறக்கியது. கெங்கம்மாவின் பாதம் பெட்டிக்கும் அலமாரிக் காலுக்கும் நடுவில் போய் இறுகிக்கொண்டது. அது ஒன்றும் கோபமாகச் செய்யவில்லை. இந்த விதம் சரிப்படவில்லை, அந்த விதம் பார்ப்போம் என்று, ஒரு நல்ல வேலையாள் செய்வது போலச் செய்தது. டைனோசர் கடித்தால் கடித்த மாதிரியே கடிக்கும். இது புதுசு புதுசாக வழி தேடியது.

எத்திராஜ் பாய்ந்து போய்ப் பெட்டியைப் பிடித்து மேலே இழுத்தான். வலை இழுத்துக் காய்த்த கை அவனுக்கு. அவன் இழுக்க இழுக்க, மிஷின் காலை அகட்டி நின்று பெட்டியை இன்னும் இறுகப் பிடித்தது. கெங்கம்மா அலறினாள்.

"செவப்பு பொத்தான அமுக்கு" என்று கோதண்டம் கத்தினார். எல்லாரும் கத்தினார்கள். நானும்தான் கத்தினேன்.

சிவந்தி அதன் பின்னால் போய்ப் பொத்தான் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

அந்த நேரத்தில் ரஞ்சித் கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்தான். "அக்கா, அமுக்காதீங்க. கரண்டு போனா அதால நிக்க முடியாது. முட்டி மடங்கி அப்டியே முன்னால வுழும். பொட்டியோட அவங்க மேல வுழும்."

பொம்மையின் காலைத் தரையில் முடுக்கியிருப்பார்கள் என்று சொன்னேன் அல்லவா. கரண்டு போனாலும் அது அப்படியே நிற்கும். இதை யாரும் முடுக்கவில்லை. நாம் நிற்பது போல, ஒவ்வொரு கணமும் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கிறது. நிறுத்தினால் மயக்கம் போட்ட ஆள் மாதிரி விழும். இரும்பு உடம்பு. என் தங்கை அதன் மூக்குக்கு நேர் கீழே இருந்தாள்.

சிவந்தியின் கை பொத்தான் மேலேயே இருந்தது. கரண்டை நிறுத்து என்பதுதான் அவளுக்கு அத்தனை வருஷமும் தெரிந்த ஒரே வழி. எதிரில் ஊரே அமுக்கு என்கிறது. வயதில் சின்னப் பையன் ஒருவன் வேண்டாம் என்கிறான். அவள் கையை எடுத்தாள். படத்தில் இருப்பது இதுதான், கூச்சலில் ரஞ்சித் சொன்னது அதில் கேட்காது. இதற்கு மேல் நடந்ததைப் படம் எடுத்தவன் எடுக்கவில்லை, பயந்து ஓடிவிட்டான்.

"எத்திராஜண்ணா, வுடுங்க, நீங்க இழுத்தா பொட்டி சாய்ஞ்சு போறதா நெனச்சு இன்னும் புடிக்கும்" என்றான் ரஞ்சித். எத்திராஜ் விட்டான். தன் சித்தி அலறுவதைக் கேட்டுக்கொண்டு கையை விடுவது அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவனைப் பெற்ற எனக்குத் தெரியும்.

"ஆளு இருந்தா நிக்கும்னு சொன்னியேடா" என்றாள் சிவந்தி.

"நிக்கணும். ஏன் பாக்கலன்னு..." ரஞ்சித் அப்போதுதான் அதன் முகத்தைப் பார்த்தான். "நெத்தில யாரு சந்தனம் வெச்சது? அங்கதான்கா கண்ணு. நெத்தியும் மாருந்தான். நீலமா எரியறது சும்மா வெளக்கு."

சிவந்தி அதன் முன்பக்கம் வந்தாள். அலமாரியின் அடித்தட்டில் கால் வைத்து ஏறினாள். ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெட்டிக்கு மேலாக உடம்பை நீட்டி, அதன் முகத்துக்குக் கிட்டே போனாள். அது விழுந்தால் இனி இரண்டு பேர் மேல் விழும். ஒரே இழுப்பில் மாலையைப் பிய்த்தாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். சந்தனம் காய்ந்து கெட்டியாகப் பிடித்திருந்தது. எச்சிலைத் தொட்டுத் தேய்த்தாள். குங்குமமும் சேர்ந்து சேறாகி அந்தப் பட்டை முழுக்கத் தீற்றிக்கொண்டது. மேஸ்திரி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. பெட்டியின் ஒரு பக்கம் மறுபடி எழும்பியது. இந்தத் தடவை கெங்கம்மாவின் மார்புக்கு நேராக இறங்க வந்தது.

கெங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த நீல விளக்குகளைப் பார்த்து, "வுட்டுடு நைனா, வுட்டுடுப்பா" என்றாள்.

"மூடிடுங்கக்கா" என்று ரஞ்சித் கத்தினான். "முழுசா மூடுங்க. பாதி தெரிஞ்சாதான் தப்பா பாக்கும். ஒண்ணுமே தெரியலன்னா நின்னுடும்."

சிவந்தி உள்ளங்கையை அகல விரித்து அந்த நெற்றியில் வைத்து அழுத்தினாள். இன்னொரு கை கம்பியில் இருந்ததால் மார்பில் இருந்த கண்ணைத் தன் தோளால் அடைத்தாள்.

நின்றது. பெட்டி கெங்கம்மாவின் மார்பைத் தொட்டபடி நின்றது. அவள் மூச்சு விட்டால் பெட்டியில் இடித்தது. மிஷினுக்குள் ஏதோ மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

"இழுத்துடலாம்" என்று எத்திராஜ் தன் சித்தியின் அக்குளில் கை கொடுத்தான். வரவில்லை. சாய்ந்த பெட்டியின் மூலை பாதத்தை இன்னும் நசுக்கிக்கொண்டுதான் இருந்தது. அசைத்தால் அவள் கத்தினாள்.

"பொட்டிய அதுதான் எடுக்கணும்" என்றான் ரஞ்சித். "கண்ண கழுவி வுட்டா ஆள பாக்கும். பாத்தா தானே பின்னால போயிடும்."

"பாக்கலன்னா?" என்றேன் நான்.

தெரியாது என்று தலையை ஆட்டினான். பொய் சொல்லாத பையன்.

பூஜைச் செம்பில் தண்ணீர் இருந்தது. நான் கொண்டுபோய் நீட்டினேன். சிவந்திக்கு இரண்டு கையும் ஒழியவில்லை. நானே அவள் விரல்களுக்கு இடையில் ஊற்றினேன். அவள் கையை எடுக்காமல், விரலை மட்டும் நகர்த்தி நகர்த்தித் தேய்த்தாள். சிவப்புத் தண்ணீர் கெங்கம்மாவின் முகத்தில் சொட்டியது. அவள் முந்தானையை நான் உள்ளங்கைக்கு அடியில் திணித்தேன், அவள் துடைத்தாள். மறுபடி ஊற்றச் சொன்னாள். மறுபடி துடைத்தாள்.

"சின்ன அத்தை" என்றாள். "நான் இப்ப கைய எடுக்கப் போறேன். ஆடாம இரு."

"நான் எங்கடி ஆடறேன், இதுதான் ஆட்டுது."

"எடுக்கட்டா?"

கெங்கம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எடு. எவ்ளோ நேரம் இப்டியே குந்திகினு இருக்கறது."

சிவந்தி கையையும் தோளையும் ஒன்றாக எடுத்தாள்.

அது தலையைத் தாழ்த்தியது. அந்தக் கருப்புப் பட்டை கெங்கம்மாவுக்கு நேரே வந்தது. பெட்டியைப் பிடித்த விரல்கள், சிவந்தி ரப்பர் மாட்டிய விரல்கள், ஒரு தரம் இறுகின. பெட்டி மேலே எழும்பியது. நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, மூடத் தோன்றவில்லை. ஒரு கால் பின்னால் போனது. அடுத்த கால் போனது. சந்து வாசல் வரைக்கும் பின்னாலேயே நடந்து போய், கூட்டம் இல்லாத ஓரமாகப் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றது. கையில் பெட்டி இல்லாததால் இப்போது ரஞ்சித் அங்கே போய் அதை உட்கார வைத்து, முழுசாக அணைத்தான். அவனும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

கெங்கம்மாவுக்குப் பாதத்தில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். கம்பெனி ஆட்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டார்கள். சிவந்தி யாரும் கேட்பதற்கு முன்னால், "நெத்தில சந்தனம் வெச்சது நான்தான்" என்றாள். ரஞ்சித், "கண்ணு எங்க கீதுன்னு அவங்களுக்கு காட்டாதது நான். மிஷின அணைக்காததும் நான்" என்றான். அவர்கள் இரண்டையும் எழுதிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போன பிறகு கெங்கம்மா கேட்டாள். "ஏண்டி, கடைசீல அது என்ன பாத்துச்சா?"

"பாத்துச்சு சின்ன அத்தை."

"பாத்துட்டு இன்னா நெனச்சுது?"

"நெனக்கறதெல்லாம் இல்ல. இங்க ஆளு கீதுன்னு தெரிஞ்சுகிச்சு. அவ்ளோதான்."

"அப்ப நான் அம்மாம் நேரம் கும்புட்டனே, அந்த நீலக் கண்ண பாத்து?"

"அது வெறும் வெளக்கு. நம்ம பட்டறை பொம்மைக்கு கோலி வெக்கற மாதிரி, பாக்கறவங்களுக்காக வெச்சது."

கெங்கம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சிவந்தியைச் சில வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். பிறகு கூப்பிட்டார்கள், போனாள். முதல் நாள் திரும்பி வந்து, மேஸ்திரி முன்னால் நின்று அதன் கண்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ரஞ்சித்தை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னதாகச் சொன்னாள். இடுப்பில்கூட ஒன்று இருக்கிறதாம், அன்றைக்குப் பெட்டி அதை மறைத்துவிட்டதாம்.

கெங்கம்மாவின் பாதம் கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. அதனால் விடிகிற நேரத்தில் சிவந்தி போய் ஏலத்திலிருந்து கூடையைத் தூக்கி வந்து அவள் இடத்தில் வைத்துவிட்டுத்தான் எண்ணூர் பஸ் பிடிக்கிறாள். பொத்தானை அமுக்காததற்குக் கெங்கம்மாவுக்குக் கோபம் கிடையாது. அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், "நீ அங்க இருந்தியா? என் மேல அது வுழுந்திருந்தா நீ வந்து தூக்கியிருப்பியா? கம்முனு மீன வாங்கினு போ" என்கிறாள். அவள் கோபமெல்லாம் சந்தனத்தின் மேல்தான். சொந்த மனுஷிக்கு முன்னால் ஒரு மிஷினுக்குப் போய் முதல் பொட்டு வைத்தாளே என்று. சிவந்தி கூடையை இறக்கி வைக்கும்போது கெங்கம்மா அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. "நெத்திலி அந்தாண்ட, வவ்வாலு இந்தாண்ட" என்று மட்டும் சொல்கிறாள். சிவந்தியும் சொன்ன இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, கையை உதறிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள்.